ஏதாவது ஒரு நம்பர்

கணக்கப்பிள்ளை அழகர் வாசித்துக் காட்டிய இங்கிலீஷ் மனுவில் முகமது பாரூக் ராவுத்தருக்குத் தன் பெயரும் டெலிபோன் என்ற சொல்லும்தான் பிடிபட்டன. இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரைக்கும் கேட்டார். அழகரின் குரல் ஏறி இறங்கிய தினுசிலேயே உள்ளே சூடு இருப்பது தெரிந்தது.

"கடுமையாப் போட்டிருக்கியா?"

"கடுமையாவும் இருக்கு, மரியாதையாவும் இருக்கு மொதலாளி. படிக்கிறவன் மொதல்ல சந்தோசப்படுவான். பெறகுதான் சுருக்குன்னு தைக்கும்."

ராவுத்தர் பேனாவை வாங்கினார். அவர் கையைவிட்டுப் போகும் எந்தத் தாளுக்கும் தலைப்பில் பிஸ்மில்லாவுக்கு அடையாளமாக 786 என்று எழுதிவிட்டுத்தான் மற்றதெல்லாம். தோல் சிட்டையானாலும் சரி, மளிகைக்கடைக்கு அனுப்பும் துண்டுச் சீட்டானாலும் சரி. "இங்கிலீஷ் மனுவுக்கு அது வேணாம் மொதலாளி" என்று அழகர் தடுத்தும், மேலே ஓரத்தில் பொடியாக எழுதிவிட்டு, கீழே தமிழில் கையெழுத்துப் போட்டார்.

திண்டுக்கல் பேகம்பூரில் வீட்டின் முன்கட்டுதான் அவருடைய கணக்கு அறை. தோல் கிடங்கு ஊருக்கு வெளியே. இரண்டு வருஷத்துக்கு முன் அந்த அறைச் சுவரில் டெலிபோன் பெட்டி ஏறிய அன்று தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார். பெட்டியின் கைப்பிடியைச் சுற்றினால் எக்ஸ்சேஞ்சில் உள்ள பெண் எடுப்பாள். யார் வேண்டும் என்று சொன்னால் இணைப்பாள். பேசி முடித்ததும் இன்னொரு சுற்றுச் சுற்றினால், முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். வித்தை அவ்வளவுதான். ஆனால் சிறுமலைப் பக்கமிருந்து காற்று வீசினால் பெட்டி ஊமையாகிவிடும். தூறல் போட்டால் யாரோ அப்பளம் பொரிக்கிற சத்தம் கேட்கும். தெருமுனைக் கம்பம் வேப்பமரத்தின் தோளில் சாய்ந்து, கிளையோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. மெட்ராசுக்கு ட்ரங்க் கால் கேட்டுவிட்டு நடந்தே பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிடலாம் என்பார் அரிசி மில் பெருமாள்சாமி. போன் கெட்டுவிட்டது என்று சொல்லவும் அதே போனைத்தான் சுற்ற வேண்டியிருந்தது. ராவுத்தருக்கு ஆறவே ஆறாத விஷயம் அது.

அதையெல்லாம்கூடப் பொறுத்தார். மனு எழுத வைத்தது வேறொன்று. மெட்ராஸ் கமிஷன்காரரிடம் ஆட்டுத்தோல் விலை கேட்டுக்கொண்டிருந்தார். லைன் இரைந்தது. "என்ன? என்ன?" என்று இவர் கத்திக்கொண்டிருந்தபோது, நடுவிலிருந்து எக்ஸ்சேஞ்ச் பெண்ணின் குரல் சாவகாசமாகச் சொன்னது: "முப்பத்தெட்டுங்குறாருங்க ராவுத்தரய்யா."

அவருக்கு உடம்பு கூசிப்போனது. யாரோ வழிப்போக்கர் உள்ளே வந்து பணப்பெட்டியைத் திறந்து, உள்ளே இருப்பதை அவருக்கே எண்ணிச் சொன்னது போல இருந்தது. அப்படியென்றால் இவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாளா? அன்று சாயந்திரமே அழகரைக் கூப்பிட்டார். லைன் சரியில்லை, கம்பம் சரியில்லை, ட்ரங்க் கால் வருவதில்லை, ஆபரேட்டர் நம்பர் கேட்காமல் ஊர்க்கதை பேசுகிறாள், ஒட்டுக் கேட்கிறாள். எல்லாம் மனுவில் ஏறின.

மனுவுக்குப் பலன் இருந்தது. கம்பம் சாய்ந்தபடியேதான் நின்றது. காற்றடித்தால் பெட்டி ஊமையானது. ஆனால் ஆபரேட்டருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார மதுரையிலிருந்து ஓர் ஆபீசர் வந்துவிட்டார். இனிமேல் நம்பர் சொல்கிறவர்களுக்குத்தான் இணைப்பு, ஆபரேட்டரிடம் வேறு பேச்சுக் கூடாது என்று எல்லோருக்கும் சீட்டு வந்தது.

அதுவரை அந்த ஊரில் யாரும் யாருக்கும் நம்பர் சொன்னதில்லை. "மில்லக் குடும்மா", "சுருட்டுக் கம்பெனியக் குடும்மா" என்பார்கள். "அவரு இப்பத்தான் உங்க மச்சினன் கடைக்குப் போனாரு, அங்க தரட்டுமா?" என்பாள் அவள். திடீரென்று ஊருக்கே பேர் மறந்துபோனது மாதிரி ஆகிவிட்டது. டெலிபோன் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. அதுவும் பழசு.

பெருமாள்சாமி நேரிலேயே வந்தார். "பாய், என் மில்லுக்கு என்ன நம்பருன்னு எனக்கே தெரியாது. நேத்து என் வீட்டுக்குப் பேச முடியாம, மத்தியானச் சோத்துக்கு வெஞ்சனம் என்னான்னு கேக்க ஆள் அனுப்புனேன். உமக்கு மாலைதான் போடணும்."

"என்னைய ஏன் சொல்றீரு? ஆபீசு உத்தரவு."

"அந்தப் புள்ளைக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலையாம், தெரியுமா? அந்த ஆபீசரு எழுதிக்கிட்டுப் போறதப் பொறுத்துத்தானாம்."

மனுவை வாசித்தபோது ஓரிடத்தில் அழகர் குரலை உயர்த்தியது ராவுத்தருக்கு நினைவுக்கு வந்தது; ஒட்டுக் கேட்கிறாள் என்ற இடமாகத்தான் இருக்கும். தொழில் ரகசியம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள் சர்புன்னிசாவுக்கு அந்த வாரத்தில்தான் வலி கண்டது. விடியும்போதே மருத்துவச்சி ராமுத்தாய் வந்துவிட்டாள். வெயில் ஏற ஏற, உள்கட்டிலிருந்து வந்த சத்தங்களின் தன்மை மாறியது. ராவுத்தர் கணக்கு அறையில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். மனைவி ஜெய்தூன் பீவி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வாசல்படிக்கு வந்தாள்.

"புள்ள குறுக்க கெடக்குங்குது ராமுத்தாய். இது என் கையில இல்ல, டாக்டரம்மாவக் கூப்புடுங்கன்னு சொல்லிருச்சு."

டாக்டரம்மா வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். நடுப்பகல் ஆனால் காரை எடுத்துக்கொண்டு சாணார்பட்டிப் பக்கத்து ஊர்களுக்குக் கிளம்பிவிடுவார். கிளம்பிவிட்டால் பொழுது சாயத்தான் பிடிக்க முடியும். அழகர் அந்த நிமிஷமே குதிரை வண்டி பிடித்து ஓடினார். வண்டி தெருமுனை திரும்பியபோது, தூரத்தில் கூட்ஸ் வண்டி ஊதுவது கேட்டது. கேட்டை மூடப்போகிறார்கள்.

"போனு இருக்குல்ல, போனு" என்றாள் ஜெய்தூன் பீவி.

"நம்பரு தெரியாதே."

அவள் அவரையே பார்த்தாள். "நம்பரு இல்லாமத்தான இம்புட்டு நாளும் பேசுனீக. காகிதம் போட்டுக் கெடுத்தீகளே" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவருக்கு.

அவர் எழுந்து கைப்பிடியைச் சுற்றினார்.

"நம்பர் ப்ளீஸ்."

"டாக்டரம்மா வீடும்மா. சீக்கிரம்."

"நம்பர் சொல்லுங்க."

"தெரியாதும்மா. அவுக ஊருக்கு வந்தே ஒரு வருசந்தான் ஆகுது, புத்தகத்துல இல்ல. நான் பேகம்பூர் பாரூக்கு பேசுறேன்."

"நம்பர் சொன்னாத்தான் இணைப்புக் குடுக்க முடியுங்க."

அடிக்கோல் வைத்துக் கிழித்த கோடு மாதிரி இருந்தது குரல். அந்தக் குரலுக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம். ஓர் ஆண் தொண்டையைச் செருமினார்.

"தாயி, எம் மக உள்ள கெடக்கு. தலைப்பிரசவம். புள்ள குறுக்க கெடக்காம். டாக்டரம்மா கார் எடுத்துட்டாகன்னா நான் எங்க போவேன்."

கம்பி மட்டும் இரைந்தது. வைத்துவிட்டாளோ என்று நினைத்தார்.

"சந்தாதாரர் ஒரு நம்பர் சொல்லணுங்க" என்றாள் அவள். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "ஏதாவது ஒரு நம்பர்."

"அதான் தெரியலங்குறேனே."

"ஒரு நம்பர்கூடவாங்க தெரியாது? உங்க வாயில வர்ற நம்பரு."

உள்ளேயிருந்து "அத்தா" என்று ஒரு கூப்பாடு வந்தது. சின்ன வயதில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தபோது கத்தினாளே, அதே கூப்பாடு. ராவுத்தருக்கு உலகத்தில் தெரிந்த ஒரே நம்பர் வாயில் வந்தது.

"எழுநூத்தி எம்பத்தாறு."

திண்டுக்கல்லில் அப்போது மொத்தம் நூறு டெலிபோன்கூடக் கிடையாது.

"சரிங்க" என்றாள் அவள். "லைன்ல இருங்க."

எங்கோ மணி அடித்தது. நின்றது. பிறகு வேறெங்கோ அடித்தது. "யாரு?" என்று கேட்ட குரல் டாக்டரம்மாவுடையது. காலில் செருப்பை மாட்டிக்கொண்டே பேசுகிறவரின் அவசரம் அதில் இருந்தது. கேட்டுக்கு இந்தப்பக்கம் டாக்டரம்மா எந்த வீட்டில் இருந்தார், அது ஆபரேட்டருக்கு எப்படித் தெரிந்தது என்று ராவுத்தர் யோசிக்கவில்லை. சந்துக்குள் நுழைய முடியாமல் கார் தெருமுனையில் நின்றதும், டாக்டரம்மா பையோடு ஓடி வந்ததும்தான் மனதில் பதிந்தன.

அழகர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "கேட்டப் போட்டுட்டான் மொதலாளி. தொறந்ததும் ஓடுனேன், அவுக வீட்டுல இல்ல" என்று வேர்வையோடு ஆரம்பித்தவர், வாசல்படியில் டாக்டரம்மாவின் செருப்பைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

பெண் குழந்தை. தாய்க்கு ரத்தம் கொஞ்சம் அதிகம் போயிருந்தது, ஆனால் பயம் இல்லை என்றார் டாக்டரம்மா. ராவுத்தர் பேத்தியின் வலது காதருகே குனிந்து பாங்கு சொன்னார். அவ்வளவு சின்னக் காது. எவ்வளவு மெல்லச் சொன்னாலும் அதற்குச் சத்தமாக இருக்குமே என்று பயந்து பயந்து சொன்னார்.

மெட்ராஸ் பெரியமேட்டில் தோல் கடையில் இருக்கும் மருமகன் சௌகத் அலிக்குச் சொல்ல வேண்டும். அந்த நம்பர் கடையின் பில் தலைப்பிலேயே இருந்தது. ராவுத்தர் பில்லைக் கையில் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பது போல ஒவ்வோர் எண்ணாகச் சொல்லி ட்ரங்க் கால் பதிவு செய்தார். "சரிங்க" என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை பிறந்ததா என்றுகூடக் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தவர் அவர்தானே.

பொழுது சாயும்போது பெட்டி அலறியது. ஜெய்தூன் பீவி துணியில் சுற்றிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு கணக்கு அறைக்கு வந்தாள். பிள்ளை அழுவதைத் தகப்பன் காது கேட்கட்டும் என்று அவளுக்கு ஆசை. பகலெல்லாம் அழுது ஊரைக் கூட்டிய குழந்தை இப்போது நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

"மெட்ராஸ் பேசுங்க" என்றாள் ஆபரேட்டர்.

"மாப்புள, பொம்பளப் புள்ள. சொகமா இருக்காக."

"ஹலோ, ஹலோ, மாமா? சர்புக்கு என்ன? என்ன ஆச்சு?"

"சொகம்ங்குறேன். சொகம்."

"கேக்கல மாமா. என்ன ஆச்சு அவளுக்கு?"

சிறுமலைக் காற்று ஆரம்பித்திருந்தது. வேப்பங்கிளை ஆடியது, கம்பம் ஆடியது. கம்பிக்குள் அப்பளம் பொரிந்தது. அந்தப் பக்கம் சௌகத் அலியின் குரலில் நடுக்கம் ஏறிக்கொண்டே போனது. இவர் கத்தக் கத்த, அங்கே ஏதோ நடந்துவிட்டது என்று அவன் உறுதி செய்துகொண்டிருந்தான். ட்ரங்க் காலுக்கு மூன்று நிமிஷம். அதில் பாதி போயிருக்கும்.

ராவுத்தர் கத்துவதை நிறுத்தினார். தணிந்த குரலில் கேட்டார்.

"ஏம்மா, நீ கேட்டுக்கிட்டுத்தான இருக்க?"

வாயை ரிசீவருக்கு இன்னும் கிட்டக் கொண்டுபோனார்.

"சொல்லிரு தாயி. உனக்குத் தெளிவாக் கேக்குது, அவனுக்குத்தான் கேக்கல. பக்கத்துல அந்த ஆபீசர் இருந்தா அவர்கிட்டயும் சொல்லு. காகிதம் போட்டவனே சொல்லச் சொல்றான்னு சொல்லு. எம் பேரு போட்டு எழுதிக்கிறச் சொல்லு."

இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் வந்தது. அடிக்கோல் வைத்த குரல் இல்லை, பழைய குரல்.

"மெட்ராஸ், பதறாதீங்க. கேளுங்க. உங்களுக்குப் பொம்பளப் புள்ள பொறந்துருக்கு. தாயும் புள்ளையும் சொகம். டாக்டரம்மா வந்து பாத்துட்டாங்க. கேட்டுச்சுங்களா? சொகம்."

ராவுத்தர் ரிசீவரைக் காதோடு அழுத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து அவருக்கு ஒன்றும் வரவில்லை.

"என்னம்மா சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லலீங்க." கொஞ்சம் பொறுத்து, "மூச்சு மட்டும் கேக்குது. அழுகுறாரு போல."

"அழுகட்டும்" என்றார் ராவுத்தர்.

"யாரு மாதிரி இருக்குன்னு கேக்குறாருங்க."

அவர் ஜெய்தூன் பீவியைப் பார்த்தார். அவள் குழந்தையின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, கேள்வியைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தாள். "நெத்தி அவுக நெத்திதான்னு சொல்லச் சொல்லுங்க. மூக்கு நம்ம வீட்டு மூக்கு."

"நெத்தி உங்க நெத்தியாம். மூக்கு ராவுத்தரய்யா வீட்டு மூக்காம்" என்று மெட்ராசுக்குச் சொன்னாள் அவள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, "மூணு நிமிஷம் ஆயிருச்சுங்க" என்றாள். அப்பளச் சத்தம் நின்றது. மெட்ராஸ் போய்விட்டது.

இப்போது கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்ற வேண்டும்; சுற்றினால் அவளும் லைனை விட்டுப் போய்விடுவாள். அவர் கை அதன்மேல் போய் நின்றது. உன் பேர் என்னம்மா என்று கேட்கலாம். நாளைக்கே அழகரை விட்டு வேறொரு மனு எழுதச் சொல்கிறேன் என்று சொல்லலாம். அவள் பக்கத்தில் இன்னும் அந்த நாற்காலி இருக்கிறது.

அந்த நேரம் பார்த்துக் குழந்தை விழித்துக்கொண்டது. வாயைத் திறந்து, முகமெல்லாம் சிவக்க, இவ்வளவு நேரம் சேர்த்து வைத்திருந்த அழுகையை எடுத்தது.

"இப்ப அழுது என்னத்துக்கு ஆகும்? ஒங்க அத்தாதான் போனை வச்சிட்டாகளே" என்று ஜெய்தூன் பீவி அதைத் தோளில் சாய்க்கப் போனாள்.

"இரு, இரு" என்றார் ராவுத்தர்.

கைப்பிடியை விட்டுவிட்டு, ரிசீவரைக் கயிறு எட்டும் மட்டும் இழுத்து, குழந்தையின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே கம்பம் வேப்பமரத்தோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் லைனை வெட்டவும் இல்லை.