காதில் விழாத சேதி

அப்பாவின் தாடையைக் கட்ட வேட்டியின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டே, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு நின்றாள் மேகலா. மணி அடித்து ஓய்ந்தது. சித்தப்பா எடுக்கவில்லை. சித்தி எடுக்கவில்லை. அவர்கள் மகன் கோகுலகிருஷ்ணனும் எடுக்கவில்லை. "பெரியப்பா போயிட்டாரு" என்று அவனுக்கு மெசேஜ் தட்டிவிட்டு, அம்மாவோடு சேர்ந்து முடிச்சைப் போட்டாள்.

கொடைக்கானலில் டவர் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் சித்தி அதற்குள் ஸ்டேட்டஸ் போட்டிருந்தாள். வேன் பிடித்துப் போன பங்காளிகள் அத்தனை பேரும் குல்லாவும் ஸ்வெட்டருமாகப் பனிமூட்டத்துக்குள் நிற்கிறார்கள். எது யார் முகம் என்றே தெரியவில்லை. அடியில் 'மேகங்களோடு நாங்கள்' என்று எழுதியிருந்தது. இங்கே செந்துறையில் பல் துலக்குவதற்குள் வெயில் முதுகில் ஏறிவிட்டிருந்தது. மேகத்தோடு இருப்பவர்களுக்குப் போன் எடுக்கக் கை வராது போலிருக்கிறது.

செத்துப்போன இளையபெருமாளுக்கு மகன் இல்லை. ஒரே பிள்ளை மேகலா. மருமகன் சிங்கப்பூரில். "கொள்ளி வைக்க நான் இருக்கேன், அண்ணனுக்கு என்ன குறை?" என்று தம்பி ராஜதுரை கல்யாண வீடு, காதுகுத்து, டீக்கடை என்று ஓரிடம் விடாமல் சொல்லித் திரிந்தவர். அந்த உரிமையில்தான் அண்ணனுடைய முந்திரிக்கொல்லையில் வருஷா வருஷம் அவர் வீட்டு ஆட்கள் கொட்டை பொறுக்கினார்கள். அண்ணன் வாதம் வந்து படுத்த பிறகு வேலியைக்கூட நகர்த்திப் போட்டார். வேனில் ஏறிய அன்று கட்டிலருகே வந்து, "மூணே நாள்ண்ணே. வர்ற வழியில பழனியில பேரனுக்கு மொட்டை போட்டுட்டு ஓடியாந்துடுறோம்," என்றார். அண்ணன் கண்ணாலேயே சரி என்றார். வேறு எதனால் சொல்ல முடியும்?

ஐஸ் பெட்டி வந்தது. மேளக்காரர்கள் வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். ஊர்ப் பெரியவர் தர்மராஜ் நிமிஷத்துக்கு ஒருதரம் தெருமுனையைப் பார்த்தார்.

"பங்காளி வராம எப்படிம்மா எடுக்குறது? இன்னொரு தடவ அடிச்சுப் பாரு."

மேகலா அடிப்பதற்குள் கோகுலகிருஷ்ணனே கூப்பிட்டான். குரலை ஒளித்துவைத்துப் பேசினான்.

"அக்கா, நான் பேசுனது அப்பாவுக்குத் தெரிய வேணாம்."

"மெசேஜ் பாத்தியா இல்லையாடா?"

"காலையிலயே பாத்துட்டேன்க்கா. அப்பாகிட்ட சொல்ல வாயெடுத்தேன். உன் பேரைச் சொன்னதுமே கையக் காட்டி நிறுத்திட்டாரு. 'சேதி காதுல வுழுந்தாத்தான் தீட்டு. வுழுந்துட்டா கோயிலுக்குப் போவ முடியாது, வேண்டுதல் நின்னுபோயிடும். நீ சொல்லல, நான் கேக்கல'ன்னுட்டாரு. யாரும் போனை எடுக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டாரு."

"கேக்காமயே என்ன சேதின்னு எப்படிடா தெரிஞ்சுது?"

பின்னால் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"மொட்டை நடக்குதுக்கா. சாமி பாத்துட்டு உடனே கெளம்பிடுவோம். பெரியப்பாவ பெட்டியிலயே வெச்சிருங்க."

மேகலா போனை வைத்துவிட்டு, கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் எல்லார் முன்னாலும் சொன்னாள். தர்மராஜ் மோவாயைத் தடவினார்.

"மொறையின்னு பாத்தா அவன் சொல்றதுலயும் தப்பு சொல்ல முடியாது. கேட்டாத்தான தீட்டு."

கூடப்பிறந்தவன் செத்த சேதியை உள்ளே விடாமல், காக்கா விரட்டுவது மாதிரி விரட்டியிருக்கிறார் சித்தப்பா. அதற்கு இங்கே ஒருவர் முறை பேசுகிறார். வாயைத் திறந்தால் இருவரையும் சேர்த்துத் திட்டிவிடுவோம் என்று மேகலா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

காலையிலிருந்து பெட்டிமேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்த அம்மா மலர்கொடி அப்போதுதான் பேசினாள்.

"அப்ப அவரு கேக்கவே வேணாம்."

"என்னம்மா சொல்ற?"

"யாரும் அவருக்குச் சொல்லாதீங்க. இன்னிக்கும் சரி, என்னிக்கும் சரி. மேகலா கொள்ளி வெப்பா."

தர்மராஜ் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். பொம்பளைப் பிள்ளை, சுடுகாடு, ஊர் என்ன பேசும் என்றெல்லாம். மலர்கொடி பெட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைசியில் அவரே வெளியே வந்து மேளக்காரர்களை எழுப்பினார்.

தோளில் குடத்தோடு மேகலா மூன்று சுற்று வந்தாள். தண்ணீர் முதுகில் வழிந்து புடவை நனைந்தது. குடம் உடைந்ததும் கொள்ளியை வைத்துவிட்டு, சொன்னபடி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். சுடுகாட்டு வளைவு தாண்டியதும் அப்பாவை நினைத்து வாய்விட்டு அழுதாள். அதுவரை கோபம் அவளை அழவிடவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் வேன் தெருமுனையிலேயே நின்றது. ராஜதுரை மட்டும் முதலில் இறங்கி நடந்து வந்தார். பேரனோடு சேர்ந்து தானும் மொட்டை போட்டிருந்தார். தலையில் சந்தனம், ஒரு கையில் பஞ்சாமிர்த டப்பா, இன்னொரு கையில் வாயைப் பொத்திக்கொள்ளத் தோதாக மடித்த துண்டு. வாசலில் பந்தல் ஆட்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மேகலா... வாசல்ல பந்தலெல்லாம்?" குரல் ஏற்கெனவே உடைந்திருந்தது.

"வாங்க சித்தப்பா. தரிசனம் நல்லபடியா ஆச்சா?"

"ஆச்சும்மா. அண்ணன்..."

"அப்பாவுக்கு என்ன?"

அவர் துண்டை வாய்வரை கொண்டுபோய் நிறுத்தினார். யாராவது சொல்லாமல் எப்படி அழுவது? தர்மராஜைப் பார்த்தார். தர்மராஜ் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். மேகலாவுக்குப் பின்னால் வந்து நின்ற மலர்கொடியைப் பார்த்தார் ராஜதுரை.

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்க."

"பனியில நின்னுட்டு வந்துருக்கீங்க. வூட்டுக்குப் போயி படுங்க," என்றாள் மலர்கொடி.

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். கதவைச் சாத்தவில்லை. கூடத்தில் இளையபெருமாளின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. வாசலிலிருந்து ஒரு எட்டு வைத்தால் தெரியும். ராஜதுரை வைக்கவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் நிறைந்திருந்தது. அது பொய்க் கண்ணீர் இல்லை என்பது மேகலாவுக்கும் தெரிந்தது. தெரிந்ததும் வெறுப்புதான் கூடியது.

நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஆளிடம் அவர் போய் நின்றார்.

"நீயாவது சொல்லுப்பா."

"கொஞ்சம் தள்ளிக்குங்க சார்," என்று அவன் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வண்டிப்பக்கம் போனான்.