பின்வாங்கிய கறுப்புச் சுவர்

பெயின்ட் காய்ந்த பிறகுதான் கூடத்தின் மேற்குச் சுவர் பின்வாங்கத் தொடங்கியது. ஈரம் இருந்தவரை ஒழுங்காக நின்ற இடத்தில் நின்றது. அடித்தது மேட் கறுப்பு. பளபளப்பு துளியும் கிடையாது. வெளிச்சத்தை வாங்கி வைத்துக்கொண்டு திருப்பித் தராத வகை. அதைத் தேர்ந்தெடுத்த வீட்டுத் தலைவிக்குத் தெருவில் துலக்கி என்று பெயர். பாத்திரம், தாழ்ப்பாள், குழாய், கணவரின் சட்டைப் பொத்தான் என்று எதையும் முகம் தெரியும்வரை தேய்க்காமல் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்டவள் மங்கிய கறுப்பைக் கேட்டதற்குக் காரணம் உண்டு. அதன் முன்னால் பித்தளைச் சாமான் வைத்தால் தகதகவென்று தெரியும் என்று ஒரு பத்திரிகையில் படத்தோடு போட்டிருந்தார்கள். கறுப்புச் சுவருக்கு முன்னால் வேறு தட்டுமுட்டுச் சாமான் இருந்தால் எடுபடாது என்றும் எழுதியிருந்தார்கள். அந்த இடத்தில்தான் நாத்தனாரின் தையல் மெஷின் இருந்தது, மெஷினை ஒட்டி நாத்தனாரின் கட்டில். அவளுக்குப் பெண்கள் விடுதியில் இடம் பேசியாயிற்று. பிறந்ததிலிருந்து வேறு கூரையின் கீழ் தூங்கி அறியாத நாத்தனார், நூல்கண்டுகளைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள். கணவர் பேருந்து நடத்துநர். வீட்டில் எந்த வழக்கு வந்தாலும் "உள்ள தள்ளிப் போங்க, இடம் இருக்கு" என்பதே அவர் தீர்ப்பு. இந்த முறையும் அதையே சொல்லிவிட்டு டூட்டிக்குப் போனார்.

சுவர் அதைக் கேட்டுக்கொண்டது என்று சிலர் சொல்வார்கள். பெயின்டின் தரம் என்று பெயின்டர் சொன்னார். எப்படியோ, காலையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஆள் படுக்க இடம் இருந்தது. அடுத்த வாரம் மெஷினையும் கட்டிலையும் உள்ளே தள்ளிப் போட்டார்கள். அதற்கடுத்த வாரம் நாத்தனார் ஒரு மேசை விளக்கும் வாங்கி வைத்துக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் சலவைக்கடை. கடைக்காரர் டேப்பு வைத்து அளந்து பார்த்தார். அவர் கடையில் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. ஆனாலும், குறைந்துவிட்டது என்றே ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

விடுதிப் பேச்சு தானாக அடங்கியது. துலக்கிக்குத்தான் மனசு ஆறவில்லை. பித்தளையை முன்னால் வைத்தால் சுவர் எங்கோ தள்ளி நிற்கிறது. தகதகப்புக்கு ஆதரவே இல்லை. போதாததற்கு அந்தச் சுவரில் அவள் முகமும் தெரியவில்லை. ஈரத்துணி போடக் கூடாது, தேய்த்த இடம் பளபளத்துப் போகும் என்று பெயின்டர் தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தார். துலக்கியிடம் போய்த் தேய்க்காதே என்பது மீனிடம் நனையாதே என்பது போல. ஒரு மத்தியானம் சோப்புத் தண்ணீரோடு உள்ளே நடந்து போய் ஒரு மூலையில் தேய்த்தாள். அந்த மூலை பளபளத்தது; சுவர் ஓரடி முன்னால் வந்தது. விஷயம் பிடிபட்டது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அழுத்தித் தேய்த்தாள். சுவர் அவளையும் பின்னுக்குத் தள்ளி, கட்டிலையும் மெஷினையும் நாற்காலியோடு நாத்தனாரையும் தள்ளிக்கொண்டு, அவசரமே இல்லாமல் கூடத்துக்குள் வந்தது. நாத்தனார் தையலை நிறுத்தவில்லை.

"அண்ணி, இன்னும் நாலு தேய் தேய்ச்சீங்கன்னா உங்க மடியில வந்து உக்காந்துடுவேன். கனமா இருப்பேன், சொல்லிட்டேன்."

"வாயி மட்டும் குறையல உனக்கு."

"அதையும் விடுதிக்குக் கூட்டிட்டுப் போயிடறேன், கவலப்படாதீங்க."

துலக்கி பதிலுக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தவள், எதிரே பளபளத்த இடத்தில் தன் முகத்தைப் பார்த்தாள். பித்தளையில் எத்தனையோ தடவை பார்த்த முகம்தான். ஆனால் பித்தளை கொஞ்சம் மஞ்சள் பூசிக் காட்டும். கறுப்பு உள்ளதை உள்ளபடி காட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு பெண்ணைச் சுவரால் நெம்பித் தள்ளும் முகம். அதைத் துடைத்துவிடலாம் என்று துணியைத் தூக்கினாள். துடைத்தால் இன்னும் தெளிவாகத் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது. துணியைக் கீழே போட்டாள்.

பெயின்டரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அந்த இடத்துல மட்டும் பூசிட்டா போதாதா?"

"திட்டுத் திட்டாத் தெரியும்மா. மேட் பெயின்டுல ஒட்டுப்போடற வேலையே கிடையாது. இந்த மூலையிலேர்ந்து அந்த மூலை வரைக்கும் புதுசாத்தான் அடிக்கணும்."

"அடிங்க. ரெண்டு கோட்டாவே அடிங்க. இனிமே அதுல என் கை படாது."

காய்ந்ததும் சுவர் கிளம்பிப் போனது, பிறகு நிற்கவேயில்லை. விடுதிக்காரர்களுக்கு ஆள் வராது என்று சொல்லி அனுப்பினார்கள். வருஷங்கள் போயின. நாத்தனார் உள்ளே கடை போட்டாள், இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தாள், துணி கொண்டுவந்து கொடுத்த சலவைக்கடைக்காரரின் தம்பியையே கட்டிக்கொண்டாள். துலக்கி கூடத்திலிருந்து சாப்பிடக் கூப்பிட்டால், "இதோ வரேன் அண்ணி" என்ற பதில் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது வந்து சேரும். அதனால் இப்போதெல்லாம் அவளே கிளம்பிப் போகிறாள். டீயை ஃபிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்கிறாள், நல்ல செருப்பாகப் போட்டுக்கொள்கிறாள். பேச்சு பிடித்துக்கொண்டால் திரும்ப இரண்டு நாளாகும். போகும்போது கதவைப் பூட்டுவதில்லை. வீட்டுக்குள்தானே போகிறாள்.