பறந்துபோன ஆலா

...தெரியவில்லை என்று சொல்லிவிட்டால்தான் என்ன, ஒரே ஒரு வார்த்தை, ஆனால் சொன்னால் இந்த மனுஷன் முகம் சுண்டிப்போகும், இன்னொரு டாக்டர், இன்னொரு சொட்டு மருந்து என்று கிளம்பிவிடுவார், அதற்கு இவள் உடம்பிலும் தெம்பில்லை, மனசிலும் தெம்பில்லை. அலைதடுப்புச் சுவரின்மேல் தொலைநோக்கியை நிறுத்தி, திருகித் திருகிச் சரிசெய்து கொடுத்திருக்கிறார், இவளும் கண்ணை வைத்துக்கொண்டு குனிந்தே நிற்கிறாள், நடுவில் சாம்பலாக ஒரு கறை, ஓரத்தில் கொஞ்சம் கடல், அவ்வளவுதான். புயல் அடித்துக்கொண்டு வந்து போட்ட ஆலா என்கிற கடல்பறவையாம், இந்தப் பக்கம் தலைகாட்டாத ஜாதியாம், காரில் வழியெல்லாம் அதே பேச்சு, உன் கண்ணுக்கு அது தப்புமா, உன் கண்ணுக்கு அது தப்புமா... தப்பாத கண்தான் ஒரு காலத்தில், இலைக்குள் ஒளிந்த குருவியை இவள் காட்டிக் காட்டித்தான் அவருக்கு இந்தப் பைத்தியமே பிடித்தது, பார்க்காத பறவையைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது என்று அவருக்குச் சட்டம் போட்டவளும் இவள்தான், இப்போது எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு...

"தெரியுதா?" என்றார்.

"ம், தெரியுது. பாறை மேலதானே?"

"என்ன பண்ணுது?"

"இறக்கையைக் கோதிட்டிருக்கு."

பொய் இவ்வளவு சுலபமா, எந்தப் பறவைதான் இறக்கையைக் கோதாது, என்று நினைத்து முடிப்பதற்குள் பின்னால் பறவை பார்க்க வந்திருந்த கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள். "பாறையில இல்லைங்க, அது அப்பவே பறந்துடுச்சு! அந்தக் கோடிக்குப் போயிடுச்சு, வாங்க!" திமுதிமுவென்று எல்லாரும் ஓடுகிற சத்தம். இவளுக்குக் காது மடல் சுட்டது, பிடிபட்டாயிற்று, இனி கேட்பார், எத்தனை மாசமா இப்படி என்பார், என்ன பதில் சொல்வது... நிமிர்ந்து விலகினாள். அவர் தொலைநோக்கிக்கு வந்தார். குனிந்து பார்த்தார், நிதானமாகப் பார்த்தார்.

"அங்கேயேதான் இருக்கு" என்றார். "நீ சொன்ன மாதிரி இறக்கையைத்தான் கோதுது."

டாக்டர் அறையிலிருந்து தனியாக வெளியே வந்து, சரியாயிடும்னு சொல்றாரு என்றாரே, அன்றைக்கும் இதே குரல்தானே, கொஞ்சம் கூடுதல் சத்தம், கொஞ்சம் கூடுதல் உற்சாகம்... பாவம், இவராவது நம்பிக்கொண்டிருக்கட்டும் என்றுதானே இத்தனை நாளும் தெரியுது, தெரியுது என்று இவள் வாய் ஓயாமல்... அப்படியானால் அந்த வீட்டில் நம்பிக்கொண்டிருந்தது யார்?