நான்கு மூலை மஞ்சள்

ஆனி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. மேற்கு மலையின் மூன்று சிகரங்களும் மேகத்துக்குள் ஒடுங்கிவிட்டன. வெயிலென்று சொல்ல ஒன்றில்லை; இருளென்றும் சொல்வதற்கில்லை. மூச்சினும் மெல்லியதாய்ச் சாரல் இறங்கிக்கொண்டே இருந்தது. அருவியின் முழக்கம் குற்றாலத்து வீடுகளின் உள்ளறை வரை வந்து நின்றது. கொடியில் கிடந்த வேட்டி மூன்றாம் நாளும் காயவில்லை. தான் ஏற்ற ஈரத்தை எப்பொருளும் விட்டுக்கொடுக்காத பருவம் அது.

அதை எண்ணிப் பாராமற் போனார் ஹரிஹரசுப்பிரமணியன்.

தென்காசியில் ஏலக்காய் வணிகம் செய்யும் கம்பெனியில் பதினேழு ஆண்டுகளாய் அவர் குமாஸ்தா. அந்த 1958ஆம் ஆண்டில், கம்பெனியின் விற்பனையாளர் அறுவர் முதன்முறையாகச் சென்னைக்குப் புறப்பட இருந்தனர். பெயர் அச்சிட்ட விசிட்டிங் கார்டு நீட்டாதவனை அங்கே பெரிய கடைகளில் உள்ளே விடமாட்டார்களாம். அவற்றைத் தயாரிக்கும் பொறுப்பை மானேஜர் தாணுமாலயன் இவரிடம் ஒப்படைத்தார். அடிக்கோல் வைத்து இவரே வரைந்தார்: மேலே மும்மலைச் சின்னம், நடுவே பெயர், கீழே உத்தியோகம். நான்கு மூலைகளை மட்டும் விரலகலம் வெறுமையாய் விட்டார். ஆளுக்கு நூறாக அறுநூறு அட்டைக்கு அச்சகத்தில் ஆர்டர் கொடுத்து, மும்முறை பிழை திருத்தினார்.

அதுவரை அச்சகத்திலிருந்து அவர் சுமந்து வந்தவையெல்லாம் தம் மகள்களின் கல்யாணப் பத்திரிகைகளே. அச்சான அட்டையை மஞ்சள் தொடாமல் பிறர் கையில் கொடுப்பது அமங்கலம் என்பதில் அவருக்கு ஐயமே எழவில்லை. மூலைகளை வெறுமையாய் விட்டதும் அதற்காகத்தான். ஞாயிறன்று அட்டைகளைக் குற்றாலநாதர் சந்நிதியில் வைத்து எடுத்துவந்தார். மனைவி பிருஹதாம்பாள் மஞ்சள் குழைத்துத் தர, அறுநூறு அட்டைக்கும் நான்கு மூலையிலும் விரலால் தொட்டு வைத்து, அடுக்கிக் கட்டினார்.

திங்கட்கிழமை காலை தாணுமாலயன் கட்டைப் பிரித்தார். காயாத மஞ்சள் ஓர் அட்டையிலிருந்து அடுத்ததன் முதுகில் ஒட்டிக் கசிந்திருந்தது.

"என்ன ஐயரே இது? ஆறு பேருக்கும் ஒரே பந்தல்லயா கல்யாணம்?"

"மங்கலமா இருக்கட்டுமேன்னுதான்..."

"இதக் கொண்டு நீட்டினா மெட்ராஸ்காரன் மொய் எழுதிருவான்வே. சாயங்கால வண்டிக்கு அவனுவ கெளம்புதானுவ. அதுக்குள்ள சுத்தமான கார்டு வரணும். இல்லன்னா நாளையிலேருந்து நீரு வராதீரும்."

புதிதாய் அச்சிட்டால் இந்தச் சாரலில் மை காய இரண்டு நாள் ஆகும் என்று அச்சகத்தார் கைவிரித்தனர். ஹரிஹரசுப்பிரமணியன் பதிவேட்டறைக்குள் அமர்ந்து ரப்பரால் தேய்த்தார், மஞ்சள் பரந்தது. ஈரத்துணியால் ஒற்றினார், இன்னும் பரந்தது. ஐம்பத்துமூன்று வயதில் வேறெந்த வாசலில் போய் நிற்பது? 'உன் காலடியில் வைத்ததற்கா இந்தத் தண்டனை?' என்று உள்ளுக்குள் கேட்டார். ஓட்டின்மேல் சாரல்தான் பெய்துகொண்டிருந்தது.

நெற்றியை எதிரிலிருந்த கணக்குப் பேரேட்டின் மேல் சாய்த்தார். அதன் முனை குத்தவில்லை. நிமிர்ந்து பார்த்தார். முனை வளைவாக வெட்டப்பட்டிருந்தது.

அட்டைக்கட்டைச் சட்டைக்குள் அணைத்துக்கொண்டு, அடுத்த தெருவில் பேரேடு தைத்துக் கட்டும் கடையநல்லூர்க்காரர் மைதீனின் கடைக்கு நனைந்தபடி ஓடினார்.

மைதீன் ஓர் அட்டையை விளக்கருகே பிடித்துப் பார்த்தார். "மஞ்சள அழிக்க ஏலாது சாமி. வெட்டத்தான் முடியும். மூலையில எழுத்து ஏதும் கெடக்கா?"

"இல்லை பாய். மஞ்சளுக்குன்னு விட்ட இடம்."

"அப்பப் பொழைச்சீரு."

இருபது இருபதாய் அடுக்கி இடுக்கியில் இறுக்கி, வளைந்த உளியை மூலையில் நிறுத்தினார் மைதீன். ஒரே அடியில் இறங்க வேண்டும். இரண்டாவது அடி விழுந்தால் தாள் பிய்ந்துவிடும். ஹரிஹரசுப்பிரமணியன் கண்ணை மூடிக்கொண்டார். சுத்தி விழுந்தது. பிறைபிறையாய் மஞ்சள் துண்டுகள் உதிர்ந்தன.

"கண்ணத் தெறயும். நீரு மூடினா எனக்குல்லா கை நடுங்குது."

கறை உள்ளே ஓடிவிட்ட நாற்பது அட்டைகள் தேறவில்லை. மற்றவை வெண்மையாய் நின்றன. மைதீன் துடைப்பத்தை எடுத்தார்.

"கூட்ட வேண்டாம் பாய். சந்நிதியிலே வெச்சது, காலில் மிதிபடக்கூடாது."

மைதீன் துடைப்பத்தைச் சாய்த்துவிட்டுத் தாமும் குனிந்து பொறுக்கினார். எல்லாவற்றையும் ஈரத்துண்டில் முடிந்துகொண்டு ஐயர் ஸ்டேஷனுக்கு ஓடினார்.

பிளாட்பாரத்தில் தாணுமாலயன் அட்டையின் வளைந்த முனையைப் பெருவிரலால் தடவினார்.

"மெட்ராஸ்ல இப்படித்தான் போடுதானுவளோ?"

"தெரியாது. வெட்ட வேண்டியிருந்தது, வெட்டினேன்."

மானேஜர் அட்டைகளை ஆளாளுக்குப் பிரித்துக் கொடுத்தார். வண்டி நகர்ந்தது.

"நாளைக்குப் பத்து மணிக்கு வந்துரும்" என்றார் திரும்பாமலே.

அந்தி சாயுமுன் ஹரிஹரசுப்பிரமணியன் குற்றாலத்தில் சிற்றாற்றங்கரையில் இறங்கி, முழங்காலளவு நீரில் நின்றார். துண்டின் முடிச்சை அவிழ்த்து, மஞ்சள் பிறைகளைக் கைகொள்ளுமளவு அள்ளி அள்ளி ஓட்டத்தில் விட்டார். ஒவ்வொரு கைக்கும் விற்பனையாளர் ஒருவரின் பெயரைச் சொன்னார். ஆறும் முடிந்தபின் எஞ்சிய ஒரு கைக்கு மைதீனின் பெயரைச் சொன்னார். பிறகு நீர் போகும் திசை நோக்கிக் கைகூப்பினார்.

"போற இடமெல்லாம் உங்களுக்குக் கதவு திறக்கட்டும். போன கால் சுகமா வீடு வந்து சேரட்டும்."