வாரத்துக்கு விட்ட ஆடு

ரெட்டியார்பாளையத்தில் யாராவது ஆட்டை வாரத்துக்கு விட வேண்டுமென்றால் முதலில் வீராயி வீட்டுக் கொல்லையைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். ஆடு அவர்களுடையது, மேய்ப்பும் தழையும் மருந்தும் இவளுடையது, போடுகிற குட்டியில் ஆளுக்குப் பாதி. எத்தனை குட்டி என்று வீராயி சொன்னால் அதுதான் கணக்கு, யாரும் வந்து எண்ணிப் பார்த்ததில்லை. மில்லை மூடிய வருஷம் அது. அவள் புருஷன் கண்ணையன் அந்த மில் வேலை போய் வீட்டோடு கிடந்தான். ஊரார் வைத்த அந்த நம்பிக்கையில்தான் வீராயி வீட்டு அடுப்பு எரிந்தது.

அகஸ்டினா அம்மாளின் கறுப்பு ஆடு அவளிடம் வாரத்துக்கு இருந்தது. அம்மாளின் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். சிப்பாய்க்குப் பிரெஞ்சில் சொல்தா; ஊரில் சொல்தா வீடு என்றால் குழந்தைக்கும் தெரியும். அந்த ஆடு மூன்று குட்டி போட்டது. இரண்டு பெட்டை, ஒரு கிடா. கிடா நெற்றியில் வெள்ளைச் சுட்டியோடு, ஈரம் காயும் முன்பே எழுந்து நின்று சுவரை முட்டப் பார்த்தது. அதைக் கண்டதும் வீராயிக்குப் புத்தி கெட்டது. இத்தனை வருஷமாக வளர்த்ததெல்லாம் பாதி. கோழி அடை வைத்தால்கூடப் பாதிக் குஞ்சு எவளுக்கோ. ஒன்றே ஒன்று முழுசாகத் தன்னுடையதாக இருந்தால் என்ன? குடியா முழுகிவிடும்? ஒன்று செத்துப் பிறந்தது, இரண்டுதான் தங்கியது என்று அம்மாளுக்குச் சொல்லி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அகஸ்டினா அம்மாளே வந்துவிட்டார். ஈன்ற ஆட்டுக்குக் கேழ்வரகு மாவும் வெல்லமும் கொண்டுவந்திருந்தார். வீராயி அவசர அவசரமாகக் கிடாவைக் கோழிக் கூடைக்குள் போட்டுக் கவிழ்த்தாள்.

அம்மாள் ஆட்டின் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு, பங்கு பிரிக்க வரவில்லை என்றார். "செத்தது என் பங்குல போவட்டும் வீராயி. மில்லும் மூடிக் கெடக்குது. இந்த ரெண்டையும் நீயே வச்சிக்க."

வீராயிக்கு முகம் சுண்டிவிட்டது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கூடைக்குள் இருந்தது கத்தியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். பூசணிக்காய்க்கு வாய் கிடையாது, குட்டிக்கு உண்டே. பதிலுக்குத் தாய் ஆடும் கத்தியது.

அது தெருக்கோடியில் இருக்கும் பாவாடை வீட்டுக் குட்டி, ஊருக்குப் போனவர்கள் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று வீராயி கூசாமல் அளந்தாள். ஐயோ பாவம், பால் இல்லாமல் கத்துகிறதே என்று அம்மாள் கூடையைத் தூக்கினார். கிடா நேராக ஓடித் தாய் ஆட்டின் மடியில் வாய் வைத்தது.

ஆடு வளர்த்த யாருக்கும் தெரியும், வெள்ளாடு வேறு ஆட்டின் குட்டிக்கு மடி கொடுக்காது. மோந்து பார்க்கும், முட்டித் தள்ளும். இந்த ஆடோ திரும்பி மோந்தது, வாலடியை நக்கிக்கொடுத்தது, கால்களை அகட்டி நின்றது. அகஸ்டினா அம்மாளும் கல்யாணத்துக்கு முன்பு ஆடு மேய்த்தவர்தான்.

"ஏத்துக்கிச்சும்மா" என்றாள் வீராயி. ஒரு பொய்க்கு மேல் இன்னொன்று. சொல்லிவிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அம்மாள் கொஞ்ச நேரம் கிடாவின் நெற்றிச் சுட்டியைப் பார்த்தார். "ஆமா, ஏத்துக்கிச்சி" என்றார். கொடுத்த மோரைக் குடித்து, சொம்பை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு வீராயி வெளியே தலைகாட்டவே தயங்கினாள். குழாயடியில் இரண்டு பேர் சிரித்தால் தன்னைத்தான் என்று தோன்றியது. கண்ணையன் என்னவென்று கேட்டதற்கு எரிந்து விழுந்தாள். நாளைக்கு ஒவ்வொருத்தராக வந்து ஆட்டை அவிழ்த்துக்கொண்டு போவார்கள், அடுப்பு அணையும், அதுவும் தனக்கு வேண்டியதுதான் என்று நினைத்தாள். யாரும் வரவில்லை. கிடா மட்டும் தளதளவென்று வளர்ந்தது. அதைத் தொட்டுத் தூக்கவே அவளுக்குக் கூசியது.

குட்டிகள் தழை கடிக்கத் தொடங்கிய சமயம் புஷ்பமேரி என்பவள் ஒரு இளம் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அகஸ்டினா அம்மாளோடு கோயிலுக்குப் போகிறவள்.

"வீராயி கையில குடுத்தா நிம்மதியா தூங்கலாம்னு அகஸ்டினாம்மா சொன்னாங்க" என்றாள்.

வீராயி ஓடிப்போய்க் கிடாவை அவிழ்த்துக் கயிற்றைப் புஷ்பமேரியிடம் நீட்டினாள். இதை அம்மாள் வீட்டில் சேர்த்துவிட வேண்டும், இது அவர்களுடையது என்றாள்.

புஷ்பமேரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"நீ ஒரு கிடாக்குட்டியக் குடுப்பியாம். வாங்காம வந்துடுன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க. ஏம்மான்னு கேட்டேன். அது முழுசா அவளோடதுன்னாங்க."

அம்மாள் நாலு பேர் முன்னால் காறித் துப்பியிருந்தால்கூட வீராயி ஒரு நாள் அழுது தீர்த்திருப்பாள்; இது அழுது தீராது. கிடா அவள் சேலைத் தலைப்பைக் கடித்து இழுத்தது. புஷ்பமேரி தன் ஆட்டின் கயிற்றை அவள் கையில் வைத்தாள். வீராயி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இது ஈனும்போது ஆள் வுட்டுக் கூப்புடறேன்" என்றாள். "நீங்களே வந்து எண்ணிக்கிட்டுப் போங்க."