வண்ணாத்திக் குருவிக்குக் கட்டிய கதை

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டு விடியலில் பாடுமே வண்ணாத்திக் குருவி, அதன் பெயர்க் கதையைச் சொல்கிறேன். நடுவில் எனக்குக் கோபம் வரும். உங்கள்மேல் இல்லை, பயப்படாதீர்கள்.

நம் ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உப்பளம் பகுதியில், கோர்ட்டு எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற ராஜாங்கம் வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம். நான் சந்தனம் அரைக்கப் போயிருந்தேன். அந்தத் தெரு முழுக்கத் துணி வெளுத்தவள் தையல்நாயகி. பந்தலின் உட்புறம் வெள்ளைத் துணி கட்டுவதும், வாசலில் இறங்கும் மாப்பிள்ளை மண்ணில் கால் படாமல் நடந்துவர வெளுத்த வேட்டியை விரிப்பதும் அவளுடைய உரிமை.

மாப்பிள்ளையின் அத்தை ஆதிலட்சுமி, ஊருக்கு அந்தப் பக்கமுள்ள கதிர்காமத்திலிருந்து முன்னதாகவே வந்துவிட்டாள். முருங்கைமரத்தில் ஒரு குருவி பாடியது.

"இன்னா குருவிங்க இது, இவ்ளோ அழகா பாடுது?"

ராஜாங்கத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. "வண்ணாத்திக் குருவிம்மா. முன்ன ஒரு வண்ணாத்தி, வெளுக்கப் போட்ட பட்டுப்புடவையைத் திருடிக் கட்டிக்கினா. சாமி சபிச்சிடுச்சி. அதான் குருவியாப் பொறந்து, வாலால துணி அடிச்சிக்கினே கெடக்குறா!"

பந்தலே சிரித்தது. ஆதிலட்சுமி தையல்நாயகியை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப இந்தம்மாகிட்ட பட்டைக் குடுத்தா கூடவே காவலுக்கு ஆளையும் அனுப்பணும்!"

ஏணிமேல் நின்று வெள்ளை கட்டிக்கொண்டிருந்த தையல்நாயகி இறங்கினாள். இந்தப் பேச்சு வாய்க்கு வாய் பரவினால், நாளைக்கு எந்த வீட்டில் ஒரு துண்டு காணாமல் போனாலும் அவள்தான் கள்ளி.

"ஐயா, உங்க வீட்டுத் துணி ஒண்ணு எங்கிட்ட கொறைஞ்சிருக்குதா?"

"அட, குருவிக் கதைக்கு இன்னாத்துக்குடி இவ்ளோ கோவம்?"

"விடியறதுக்கு முன்ன நாங்க தொறையில எறங்கறப்ப, எங்களுக்கும் முன்ன முழிச்சிருக்கிறது அது ஒண்ணுதான். தொவைக்கிற கல்லுகிட்ட பூச்சி பொறுக்கிக்கினு எங்ககூடவே இருக்கும். அதான் அந்தப் பேரு. நீங்க சொன்னது பொய்யின்னு இவங்க எல்லார் எதிர்லயும் சொல்லுங்க. அதுவரைக்கும் வேட்டி விரிக்க மாட்டேன்."

மேளம் வாசலுக்கே வந்துவிட்டது. காரில் மாப்பிள்ளை வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராஜாங்கம் பக்கத்துத் தெரு வண்ணார் சாமிக்கண்ணுவுக்கு ஆள் விட்டார். அவர் துணிமூட்டையோடு ஓடிவந்தார். நடந்ததைக் கேட்டார். மூட்டையைக் கீழே வைத்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு பதில சொல்லிடுங்க ஐயா. எனக்கொண்ணும் அவசரமில்ல."

ராஜாங்கம் வாய்க்குள் ஏதோ முனகினார்.

"கார்ல இருக்குறவங்களுக்குக் கேக்கல," என்றாள் தையல்நாயகி.

"பொய்யிடி! நானாக் கட்டின கதை! போதுமா?"

அவள் ஒரு சுருக்கமும் இல்லாமல் வேட்டியை விரித்தாள். மாப்பிள்ளை பந்தலுக்குள் போனதும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "நாளையிலேர்ந்து உங்க அழுக்கை நீங்களே தொவைச்சிக்குங்க," என்றவள், தாம்பூலத்தைத் தொடாமல் போய்விட்டாள்.

சிரித்தவர்களில் நானும் ஒருத்தி, கண்ணுகளா. அந்தக் கோபம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் வீட்டுக் கொடியில் எந்நாளும் கல்யாணத் துணி காயட்டும். உழைத்து வந்து நிற்கிறவர் தலைகுனியாத வாசலாக உங்கள் வாசல் இருக்கட்டும். பிள்ளைகுட்டியோடு நன்றாக இருங்கள்.