பெர்லினை மிஞ்சிய பெருச்சாளி

தர்மராஜ் ஜெர்மனிக்குப் போனது கைத்தறித் துணி விற்க. எவ்வளவு விற்றார் என்று அவரும் சொல்லவில்லை, மரியாதை கருதி யாரும் கேட்கவுமில்லை. பெர்லினில் ஒருநாள் மழைக்கு ஒதுங்க இடம் தேடியவர் மிருகக்காட்சிசாலைக்குள் நுழைந்துவிட்டார். துணி வியாபாரியாகக் கப்பல் ஏறிய மனுஷர், உலக விலங்கு நிபுணராக ஊர் திரும்பினார்.

மலைக்கோட்டை அடிவாரத்தில் அவருடைய ஜவுளிக் கடை. வாடிக்கைக்காரர் முந்தானையை விரித்துப் பார்ப்பதற்குள் பெர்லின், லண்டன், நியூயார்க், சான் டியாகோ என்று நான்கு ஊர்க் கூண்டுகளையும் சுற்றிக் காட்டிவிடுவார். பெர்லின் தவிர மற்றதெல்லாம் கப்பலில் யாரோ விட்டுப்போன படப்புத்தகத்தில் பார்த்தது.

"நியூயார்க்ல காட்டெருமை மேயறதுக்கு மட்டும் நம்ம காந்தி மார்க்கெட் மாதிரி பத்து மார்க்கெட் அளவு இடம் விட்டிருக்கானுங்க."

"அப்படிங்களா? இந்தப் புடவை சாயம் போகுமா, போகாதா?"

இப்படிப்பட்ட ஜனங்களைத் திருத்த வேண்டுமானால் அதிகாரம் வேண்டும். அவர் குடியிருந்த ஸ்ரீரங்கத்தின் நகரசபையில் அவர் வெறும் உறுப்பினர்தான். ஐம்பத்தொன்பதாம் வருஷம் தலைவர் தேர்தல் வந்தது. எதிரே நின்றவர் செங்கல் சூளை வீரமலை. சாக்கடை வெட்டுவேன் என்பதைத் தவிர அவரிடம் வேறு பேச்சில்லை. தர்மராஜுக்குச் சிரிப்பாக இருந்தது. "உலகத்திலேயே பெரிய மிருகக்காட்சிசாலை, நம்ம கொள்ளிடக் கரையில!" என்று சபையில் மேஜையைத் தட்டினார்.

"வீதி நாத்தத்துக்கு ஒரு வழி பண்ணிட்டு ஒட்டகச்சிவிங்கியை அழைச்சிட்டு வரலாமேங்க" என்றார் வீரமலை.

உறுப்பினர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். கரையோரப் புறம்போக்கில் தர்மராஜ் கட்டிக் காட்டட்டும். மதராஸிலிருந்து அதிகாரி வந்து பார்த்து, இது மிருகக்காட்சிசாலைதான் என்று ஒப்புக்கொண்டால் தலைவர் நாற்காலி அவருக்கு.

சிங்கம் கேட்டு பெர்லினுக்குக் கடிதம் போட்டார். பெர்லின் வாய் திறக்கவில்லை. அதற்காக உலகம் நின்றுவிடுமா? உள்ளூரில் கிடைத்ததைக் கூண்டில் ஏற்றினார். லால்குடி வயலில் சிறகொடிந்து கிடந்த கருடன் ஒன்று. ஒரு மயில். ஒரு நல்லபாம்பு. கேட்காமலே குடிவந்த குரங்குக் குடும்பம். அமெரிக்கக் காட்டெருமைக்குப் பதிலாக ஓர் எருமைக் கடா. கங்காருக் கூண்டில், அதுவும் பின்னங்காலை ஊன்றி உட்காருகிறது என்பதால், ஒரு பெருச்சாளி.

"பெருச்சாளியைப் பார்க்க நம்ம வீட்டுக் கொல்லைக்கு வந்தா போதுமே" என்றாள் மனைவி ரங்கநாயகி.

"கொல்லையில இருந்தா பெருச்சாளி. கூண்டுல இருந்தா காட்சி. உனக்கு இதெல்லாம் புரியாது."

திறப்பு விழாவன்று முதலில் நுழைந்தவள் பூக்காரி பொன்னுத்தாய். கருடனைக் கண்டாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பின்னால் வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். ஒரு வாரத்துக்குள் பாம்புக்குப் பாலும் முட்டையும், குரங்குக்கு வடைமாலையும், பெருச்சாளிக்குக் கொழுக்கட்டையும் நடக்க ஆரம்பித்தன. மயில் கூண்டில் வேல் முளைத்தது. எருமைக் கடாவை மட்டும் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கடந்தார்கள். கணவன் படுக்கையில் கிடக்கும் மயிலம்மாள் ஒருத்திதான் தினமும் ஒரு கட்டுப் புல்லைக் கொண்டுவந்து போட்டு, "இன்னும் கொஞ்ச நாள் விட்டு வையுங்க" என்று அதனிடம் மெதுவாகக் கேட்டுவிட்டுப் போவாள்.

கூட்டத்தைக் கண்டு முதலில் தர்மராஜ் பூரித்தார். "பெர்லின்லகூட இவ்வளவு ஜனம் இல்லை!" அதிகாரி வெள்ளிக்கிழமை வருவதாகத் தகவல் வந்தபிறகுதான், அவர் இதைக் கோயில் என்று எழுதிவிடுவாரே என்பது உறைத்தது. கருடன் கூண்டுக்கு ஓடினார்.

"தாயே, இது சாமி இல்லை. மிருகக்காட்சிசாலை. சும்மா பார்த்துட்டுப் போகணும்."

"சும்மா பார்க்கிற பறவைன்னா, எந்நேரமும் கோபுரத்தைப் பார்த்தே ஏன் உட்கார்ந்திருக்கு?" என்றாள் பொன்னுத்தாய்.

"கூண்டை அந்தப் பக்கம் பார்த்து வச்சிருக்குங்க."

"வச்சது யாரு?"

"நான்தான்."

"உங்களை அப்படி வைக்கச் சொன்னது யாரு?"

உலகத்து மிருகக்காட்சிசாலைகள் அத்தனையையும் மனத்துக்குள் புரட்டிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். ஜெர்மனியில் வாங்கிய பூட்ஸை மாட்டிக்கொண்டு தர்மராஜ் வாசலில் காத்திருந்தார். உள்ளேயிருந்து கற்பூரப் புகை. வாசலை அடைத்துச் செருப்புக் குவியல். "பூட்ஸைக் கழட்டிட்டு வாங்க சாமி!" என்று ஏழெட்டுக் குரல்கள்.

அதிகாரி நின்றார். "இது மிருகக்காட்சிசாலைதானே?"

"உலகத்திலேயே பெரிசுங்க!"

"அப்போ நீங்க பூட்ஸோட முன்னாடி போங்க. நான் பின்னாடியே வரேன்."

தர்மராஜ் வலது காலை உள்ளே வைத்தார். எதிரே கருடன் கூண்டின் முன் நகரசபை உறுப்பினர்கள் அத்தனை பேரும் வெறுங்காலோடு, கைகூப்பி, வரிசையாக நின்றிருந்தார்கள். ஒவ்வொருவரும் ஓர் ஓட்டு. பூட்ஸோடு போனால் அதிகாரி மிஞ்சுவார், ஓட்டுப் போய்விடும். கழற்றினால் ஓட்டு மிஞ்சும், அதிகாரி போய்விடுவார். யோசித்தார். இரண்டு பேரையும் திருப்திப்படுத்துவதுதான் ராஜதந்திரம் என்று தோன்றியது. வேட்டியை மடித்துக் குனிந்து, உறுப்பினர்கள் பக்கம் இருந்த வலது பூட்ஸை மட்டும் கழற்றினார். அதிகாரி பக்கம் இருந்த இடது பூட்ஸோடு நிமிர்ந்து, நொண்டிக்கொண்டே, "வாங்க சார், முதல்ல கங்காரு!" என்றார்.

கங்காரு கொழுக்கட்டையைக் கொறித்துக்கொண்டிருந்தது. அதன் நெற்றியில் சந்தனம்.

"இது எந்த இலாகாவில் வரும்னு எனக்குத் தெரியலை. என் இலாகா இல்லை" என்று சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார்.

"ஐயோ, ஒத்தைப் பூட்ஸோட சந்நிதிக்குள்ள!" என்று பொன்னுத்தாய் அலறினாள். உறுப்பினர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பூட்ஸோடு வந்திருந்தாலாவது தெரியாமல் செய்தார் என்று விட்டிருப்பார்கள். பாதி கழற்றியவனுக்கு முழு விவரமும் தெரியும் அல்லவா?

அந்த நேரத்தில் வீரமலை கொள்ளிடத்தில் குளித்த ஈரத்தோடு வந்தார். கருடனுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து, "நான் தலைவரானா இங்கே ஒரு மண்டபம் கட்டறேன். செங்கல் என்னோடது" என்றார். யாரோ அவர் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். தேர்தல் அங்கேயே முடிந்துபோயிற்று. சாக்கடையைப் பற்றி அதற்குப் பிறகு வீரமலையிடம் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. வீதி மணம் மாறாமல் இருந்தது.

தர்மராஜ் நான்கு நாள் கடைப் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் நகரசபைச் சேவகன் வந்தான். வாசலில் குவியும் செருப்புகளைப் பாதுகாக்கக் கொட்டகை போட்டிருக்கிறார்களாம். திறந்து வைக்கத் தர்மராஜ் வர வேண்டும் என்று புதுத் தலைவர் பிரியப்படுகிறாராம்.

ரங்கநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேணும்னே பண்றாருங்க. நாற்காலியும் போச்சு, இப்ப செருப்புக் கொட்டகை ஒண்ணுதான் குறைச்சல். வர முடியாதுன்னு சொல்லி அனுப்புங்க."

தர்மராஜ் எழுந்து மேல்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு சேவகனைக் கேட்டார்:

"நோட்டீஸ்ல என் பேரை எந்த எழுத்துல போடறாங்களாம்? பெரிய எழுத்துதானே?"